வாசகர் கேள்வி – பதில்: பட்டாளத்து அப்பாவின் டிரங்குப் பெட்டி

சென்ற மாதம் ஒரு வாசகருக்கு எழுதிய பதிலில், ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸ் படையில் பணியாற்றி ஓய்வுபெற்று, பின்னர் 30 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து மறைந்த என் தந்தையின் டிரங்குப் பெட்டியைப் பற்றி இரண்டு வரி குறிப்பிட்டிருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் என்னை நெகிழச் செய்தன. எழுதியவர்கள் பெரும்பாலும் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், சிலர் மனைவியர். எனவே இம்முறை பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் தந்தை 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். முதலாம் ஆண்டு நினைவு நாளில் அவரைப் பற்றி ஒரு சிறு நூல் அச்சிட்டு உறவினர்களுக்குக் கொடுக்க விரும்புகிறோம். எழுத உட்கார்ந்தால் ‘அன்பானவர், நேர்மையானவர், கட்டுப்பாடு மிக்கவர்’ என்பதற்கு மேல் வரி ஓடவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர் ஒருவர், ஆரணி

பதில்: வரி ஓடாததற்குக் காரணம் அன்புக் குறைவு அன்று, நாள் குறைவு. படைவீரருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றையும் அவர் எடுத்திருந்தாலும், 22 ஆண்டுப் பணியில் அவர் வீட்டில் இருந்தது 1,980 நாள்தான். ஏறக்குறைய ஐந்தரை ஆண்டு. அதிலும் எல்லையில் பதற்றம் என்றால் விடுப்பு ரத்தாகும். ஜம்முவிலிருந்து ரயில் ஏறி, மதராஸ் சென்ட்ரலில் இறங்கி, காட்பாடிக்கு வேறு வண்டி பிடித்து ஊர் வந்து சேர்வதற்குள் விடுப்பில் சில நாள் தேய்ந்திருக்கும். வந்த இடத்திலும் அவர் சும்மா இருந்திருக்க மாட்டார். கூரை மாற்றுவது, கிணறு தூர் வாருவது, தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது, பங்காளித் தகராறைத் தீர்ப்பது என்று ஓராண்டு வேலையை அந்த இரண்டு மாதத்துக்குள் முடித்துவிட்டுத்தான் மறுபடி வண்டி ஏறியிருப்பார். ஆகவே நீங்கள் சிறுவனாக இருந்தபோது பார்த்த அப்பா, விடுப்பில் வந்த அப்பா மட்டுமே. மீதிப் பாதியை அவருடைய காகிதங்களில்தான் தேட வேண்டும்.

முதலில், பணி முடிந்து வரும்போது படையில் கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். ஓய்வூதியத்துக்கும் கேன்டீன் அட்டைக்கும் மட்டும் பயன்படும் ஆவணம் என்று எண்ணி அதை நாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடுகிறோம். ஆனால் ஒரு படைவீரரின் வாழ்க்கையை அவ்வளவு சுருக்கமாகவும் துல்லியமாகவும் சொல்லும் நூல் வேறு இல்லை. படையில் சேர்ந்த நாள், சேர்ந்தபோது இருந்த உயரம், படிப்பு, கற்ற தொழில், தேறிய பயிற்சிகள், பெற்ற பதக்கங்கள், நடத்தை பற்றிய மதிப்பீடு, அங்க அடையாளம் எல்லாம் அதில் இருக்கும்.

அந்த அங்க அடையாளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் தந்தையின் புத்தகத்தில் ‘இடது புருவத்தின் மேல் தழும்பு’ என்று எழுதியிருந்தது. அந்தத் தழும்பை நான் பிறந்தது முதல் பார்த்திருக்கிறேன். போரில் பட்ட காயம் என்று பள்ளியில் நண்பர்களிடம் பெருமை பேசியும் இருக்கிறேன். படையில் சேர்ந்த அன்றே அது பதிவாகியிருந்தது என்பதை அவர் மறைந்த பிறகுதான் கவனித்தேன். அத்தையிடம் கேட்டபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்குப் புளியம்பிஞ்சு பறிக்க ஏறி விழுந்தாண்டா. நான்தான் ஏறச் சொன்னேன், இன்னைக்கு வரைக்கும் அவன் யார்கிட்டயும் சொல்லல” என்றார். என் தந்தையைப் பற்றி நான் எழுதிய பத்துப் பக்கங்களின் முதல் பத்தி அந்தப் புளியமரம்தான். பட்டாளத்துக்குப் போகுமுன்பே அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு அங்கே கிடைத்துவிட்டது.

டிஸ்சார்ஜ் புத்தகம் தொலைந்திருந்தாலோ விவரம் போதாமல் இருந்தாலோ, அவர் பணியாற்றிய பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு ராணுவ எண்ணைக் குறிப்பிட்டு உங்கள் தாயார் பெயரில் கடிதம் எழுதலாம். மதராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டனிலும், சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும், பீரங்கிப் படைக்கு நாசிக்கிலும், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸுக்கு ஜபல்பூரிலும், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவுக்குச் செகந்திராபாத்திலும் அந்த அலுவலகங்கள் இருக்கின்றன. கடிதம் எழுதத் தெரியாது என்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

அடுத்தது கடிதங்கள். களத்தில் இருப்பவர் தாம் இருக்கும் இடத்தை எழுதக் கூடாது என்பதால் எல்லாக் கடிதங்களிலும் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கும். அது ஊர் அன்று, படைத் தபாலின் முகவரி. காஷ்மீரில் இருந்தாலும் ராஜஸ்தான் மணலில் இருந்தாலும் முகவரி மாறாது. கடிதத்தின் தேதியையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எங்கிருந்து எழுதினார் என்பது ஓரளவு பிடிபடும். கடிதம் வராத மாதங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குக் கடிதமே வரவில்லை. போர் அந்த மாதம் 3ஆம் தேதி தொடங்கி 16ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. எங்கள் வீட்டில் அது பொங்கல் கழித்து ஒரு நீல இன்லேண்டு வந்த அன்றுதான் முடிந்தது என்று என் தாய் சொல்வார்.

பிறகு ‘கட்டுப்பாடு மிக்கவர்’ என்று எழுத வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, அந்தச் சொல் எந்தக் காட்சியிலிருந்து உங்களுக்குள் வந்தது என்று யோசியுங்கள். என் தந்தை ஓய்வுபெற்ற பின்பும் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, முகம் மழித்து, போர்வையை விளிம்போடு விளிம்பு பொருத்தி மடித்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து எங்கள் நால்வரின் பள்ளிக் காலணிகளுக்கும் பாலிஷ் போடுவார். காலணி பிய்ந்திருக்கும், ஆனால் பளபளக்கும். அதை எழுதிவிட்டால் அந்தச் சொல் தேவையே இல்லை.

வேலூர் லாங் பஜாரில் உள்ள மணிக்கூண்டை நீங்கள் பலமுறை கடந்திருப்பீர்கள். அதிலுள்ள கல்வெட்டில், முதல் உலகப் போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். நான் சிறுவயதில் அதை அண்ணாந்து பார்த்து, அந்த 14 பேரின் பெயர் எங்கே என்று என் தந்தையிடம் கேட்டிருக்கிறேன். பெயர் இல்லை. திரும்பி வந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள், யாரை மணந்தார்கள், என்ன பயிரிட்டார்கள் என்பதற்கு அந்தக் கல்லில் இடமும் இல்லை. அரசு எண்ணிக்கைதான் வைக்கும்; ஆளைப் பற்றி எழுத வேண்டியவர்கள் வீட்டார்தான். ‘ராணுவப்பேட்டை’ என்றே வழங்கப்படும் கம்மவான்பேட்டை போன்ற ஊர்கள் நம் மாவட்டத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு வீட்டிலும் பத்துப் பக்கம் எழுதப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: அப்பாவின் பெட்டியில் ஐந்து பதக்கங்கள் கிடைத்தன. எல்லாம் கறுத்திருக்கின்றன, இந்தி எழுத்து இருப்பதால் எதற்குக் கொடுத்தது என்றும் புரியவில்லை. மெருகேற்றிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டலாமா?
– வாசகி ஒருவர், திருவண்ணாமலை

பதில்: மாட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள். இந்தி தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர வேலைதான். ‘பூர்வி ஸ்டார்’ என்றிருந்தால் அவர் 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர். ‘பஸ்சிமி ஸ்டார்’ என்றால் மேற்கு முனை. ‘சங்கிராம்’ பதக்கமும் அதே போருக்கானதுதான், ஆனால் அது இன்னும் பரவலாக வழங்கப்பட்டது. ‘ரக்ஷா’ பதக்கமும் ‘சமர் சேவா ஸ்டாரும்’ 1965 போரைச் சேர்ந்தவை. ‘சைன்ய சேவா’ பதக்கத்தின் நாடாவில் சிறு உலோகப் பட்டை குத்தியிருந்தால் அதை விடாமல் படியுங்கள். ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா, நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்) என்று அவர் கடுமையான நிலப்பரப்பில் பணியாற்றிய இடத்தை அது சொல்லும். 9, 20, 30 ஆண்டுப் பணிக்குத் தனித்தனிப் பதக்கம் உண்டு. சுதந்திர தினத்தின் 25ஆம், 50ஆம் ஆண்டுகளில் பணியில் இருந்தவர்களுக்கும் பதக்கம் வழங்கினார்கள்.

மெருகேற்ற வேண்டாம் என்பேன். வட்டப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருப்பது வழக்கம். பட்டறையில் கொடுத்துத் தேய்த்தால் முதலில் போவது அந்த எழுத்துதான். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். உடன்பிறந்தவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதையும் தவிருங்கள். அந்த வரிசைதான் அவருடைய வாழ்க்கை வரிசை. ஒருவர் வீட்டில் ஒன்றாக இருக்கட்டும்; மற்றவர்களுக்குப் புகைப்படம் இருக்கட்டும்.

கேள்வி: ஓய்வுபெற்ற சுபேதாரான என் மாமனாரின் உடல்மீது தேசியக் கொடி போர்த்த விரும்பினோம். கூடாது என்று ஒருவர் தடுத்துவிட்டார். அந்த மனக்குறை இன்னும் தீரவில்லை. அவர் செய்தது சரியா?
– வாசகர் ஒருவர், குடியாத்தம்

பதில்: சரிதான், வருந்தாதீர்கள். அரசு மரியாதையோடும், ராணுவ அல்லது துணை ராணுவ மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே உடல்மீது தேசியக் கொடி போர்த்தலாம் என்பதை தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் கொடி விதிகளும் தெளிவாகக் கூறுகின்றன. அப்போதும் கொடியைச் சிதையில் எரிக்கவோ குழியில் இறக்கவோ கூடாது. முன்னதாகவே எடுத்துவிட வேண்டும். உங்கள் மாமனார் உயிரோடு இருந்திருந்தால் விதியை மீற அவரே இசைந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவருடைய பழைய தோழர்கள் மூன்று பேர் ரெஜிமென்ட் தொப்பியோடு வந்து நின்று சல்யூட் வைத்தார்கள் என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அது எந்த மரியாதைக்கும் குறைந்ததன்று.

கேள்வி: என் தந்தை 1987 முதல் 1989 வரை அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேட்டால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். அவரைப் பற்றி எழுதும்போது அந்த இரண்டு ஆண்டுகளை விட்டுவிடலாமா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: இந்தக் கடிதத்தைப் பல நாள் கையில் வைத்திருந்தேன். விட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் நீங்கள் அறியாததை இட்டு நிரப்பவும் வேண்டாம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் அமைதி காக்கச் சென்ற படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாக மாறியது. இந்தியத் தரப்பில் சுமார் 1,200 வீரர்கள் மாண்டார்கள். ஈழத்துப் பொதுமக்கள் பட்ட துன்பமும், யாழ்ப்பாண மருத்துவமனையில் அந்த அக்டோபரில் நோயாளிகளும் மருத்துவர்களும் கொல்லப்பட்டதும் வரலாற்றில் உள்ளவை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் தமிழ் பேசும் ஒரு படைவீரரை நிறுத்திப் பாருங்கள். மற்ற மாநிலத்து வீரர்களுக்கு அந்த ஊர் வேற்று நாடு. அவருக்கோ, சோதனைக்குப் போன வீட்டில் அழுத கிழவியின் ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். தமிழ் தெரிந்தவர் என்பதாலேயே அவரை முன்னே விட்டுப் பேசச் சொல்லியும் இருப்பார்கள்.

1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்டுச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய கடைசி அணியை வரவேற்க அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி செல்லவில்லை. அவருடைய முடிவுக்கு அன்று காரணமும் இருந்தது, ஆதரவும் இருந்தது, எதிர்ப்பும் இருந்தது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் உங்கள் தந்தை திரும்பி வந்தது தமது சொந்த மக்கள் அந்தப் போரை விரும்பாத ஒரு மண்ணுக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. வேறு எந்தப் போருக்குப் போய் வந்திருந்தாலும் டீக்கடையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டிருப்பார்கள். இந்தப் போரைப் பற்றி அவர் யாரிடம் சொல்லியிருக்க முடியும்?

ஆகவே இப்படி எழுதுங்கள்: எந்த ஆண்டு போனார், எந்த ஆண்டு வந்தார், அவருடைய பெட்டியில் ‘விதேஷ் சேவா’ பதக்கம் இருந்தால் அது. அதன்பின் நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள். கேட்டபோது எழுந்து கொல்லைப்புறம் போனார் என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய் என்ன செய்வார் என்று எழுதவில்லை. கிணற்றடியில் நின்றாரா, செடிக்குத் தண்ணீர் ஊற்றினாரா, மாட்டைத் தடவிக்கொடுத்தாரா? அதை நினைவுபடுத்திப் பார்த்து அப்படியே வையுங்கள். அவர் வாய் திறந்து சொல்லாததை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவர் சொல்லாமல் இருந்தார் என்பது சொல்லப்பட வேண்டும்.

கேள்வி: அப்பாவைப் பற்றிய நினைவு மலரில், அவர் எனக்குத் தலை பின்னிவிட்டதையும் சப்பாத்தி இட்டதையும் எழுதினேன். என் அண்ணன் அவற்றை நீக்கிவிட்டு, ராணுவச் செய்திகள் மட்டும் இருக்கட்டும் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி ஒருவர், ஊட்டி

பதில்: நீங்கள் சொல்வதே சரி. இதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.

உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. பீல்டு மார்ஷல் சாம் மானக்‌ஷா 1971 போரில் தரைப்படைக்குத் தலைமை வகித்தவர். சுதந்திர இந்தியாவில் அந்தப் பதவிநிலையை முதலில் அடைந்தவர். அம்ரித்சரில் பிறந்த பார்சி அவர். 1973இல் ஓய்வுபெற்றதும், தாம் முன்பு வெலிங்டன் ராணுவக் கல்லூரியின் தலைவராக இருந்து பழகிய நீலகிரிக்கே வந்து, குன்னூரில் வீடு கட்டி மனைவி சில்லுவோடு வாழ்ந்தார். 1939இல் தொடங்கிய அந்த இல்லறம் 2001இல் சில்லு மறையும்வரை நீடித்தது. 2008 ஜூன் 27 அன்று 94ஆம் வயதில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் அவர் காலமானபோது, உதகையின் பார்சி கல்லறையில் சில்லுவின் பக்கத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அவ்வளவு பெரிய படைத்தலைவரின் கதைகூட வீட்டாரின் பக்கத்தில்தான் முடிகிறது. ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணனையும் அழைத்துச் செல்லுங்கள்.

தலை பின்னியது ராணுவச் செய்தி அன்று என்று அவர் எப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கயிறு முறுக்கவும், முடிச்சுப் போடவும், பொத்தான் தைக்கவும், நூறு பேருக்கு லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், சமைக்கவும் படையில் கற்ற கைகள்தாம், இருபது ஆண்டுகள் கழித்து உங்கள் இரட்டைப் பின்னலை ஒரு மயிரிழை பிசகாமல் பின்னின. அண்ணன் பிறந்தபோது அவர் எல்லையில் இருந்திருப்பார், நீங்கள் வளர்ந்தபோது வீட்டுக்கு வந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் உங்கள் இருவருக்கும் கிடைத்தவர் ஒரே அப்பா அல்லர். இருவரும் தனித்தனியே எழுதி, இரண்டையும் மலரில் சேருங்கள்.

கேள்வி: ஐயா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி எழுதுகிறாள். என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து போட்ட கடிதங்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடத்துப் பையன்தான் படித்துக் காட்டுவான். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘நான் இங்கு நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல்’, மாமியார் உடம்பு, மாட்டுக் கடன், மணியார்டர் வந்ததா, கடைசியில் ‘கொல்லையில் வைத்த முருங்கை எப்படி இருக்கிறது?’ இவ்வளவுதான். நான் போன பிறகு யாருக்கும் பயன்படாது என்று எரித்துவிடச் சொல்கிறார்கள். எரித்துவிடலாமா?
– ஒரு பாட்டி, போளூர்

பதில்: வேண்டாம் அம்மா. யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். அந்த முருங்கையை யார் வைத்தது? நீங்கள் கலியாணமாகி வந்த புதிதில் வைத்ததாக இருக்கும் என்று என் மனத்தில் படுகிறது. தம் கடிதத்தைப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நடுவீட்டில், மாமியாரும் நாத்தனாரும் சுற்றியிருக்க உரக்கப் படிக்கப்போகிறான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பையன் வாயால் உங்களைப் பற்றி அவர் என்ன கேட்டிருக்க முடியும்? முருங்கையைத்தான் கேட்க முடியும். ஒவ்வொரு கடிதத்திலும் தவறாமல் கேட்டிருக்கிறார் என்றால், அது மரத்தைப் பற்றிய கேள்வி அன்று அம்மா.

இனிப் பேத்தியை உட்கார வைத்து, நாளுக்கு ஒரு கடிதமாகப் படிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் வந்தபோது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, நீங்கள் என்ன பதில் எழுதச் சொன்னீர்கள், சொல்ல நினைத்து அந்தப் பையனிடம் சொல்ல முடியாமல் விட்டது எது என்று நீங்கள் சொல்லச் சொல்ல அவள் ஒரு நோட்டில் எழுதட்டும். கடிதத்தின் தேதியை மேலே போடட்டும். மணியார்டர் தொகையை விட்டுவிட வேண்டாம். தம் கைச்செலவுக்கு எவ்வளவு குறைவாக வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு அனுப்பினார் என்பதைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி உங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருந்தால், அதை இறக்கித் திறந்து, அடியில் விரித்திருக்கும் பழைய செய்தித்தாளைப் பேத்தியை விட்டு மெதுவாகத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். என் தாயும் எழுதத் தெரியாதவர். ஊர் வாத்தியாரிடம் சொல்லித்தான் எழுதுவார். அவர் எழுதச் சொன்ன பதினொரு கடிதங்கள், மடிப்புக் கிழியாமல், என் தந்தையின் பெட்டியில் அந்தச் செய்தித்தாளுக்குக் கீழேதான் இருந்தன.